சங்கரலிங்கத்தின் நாடித்துடிப்பு

பக்கவாதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் சங்கரலிங்கம் நாற்காலியை விட்டுத் தானாக எழுந்திருக்கவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. இடது பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் அருப்புக்கோட்டை டாக்டர். "அவரா முயற்சி எடுக்கணும்மா. அவருக்கே இஷ்டமில்லைன்னா நாங்க என்ன செய்ய?" பிசியோதெரபிக்காரரும் அதையே சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார்.

இஷ்டம் என்ற அந்தச் சொல்தான் அவர் மனைவி ரேணுகாதேவியை அறுத்தது. பருத்திக் காட்டை அப்படியே போட்டுவிட்டுக் கபடி பார்க்கப் போகிற மனுஷன் அவர். ஒரு நாளும் களத்தில் இறங்கி ஆடியதில்லை, பார்ப்பதோடு சரி. திருச்சுழிப் பக்கம் எங்கே ஆட்டம் நடந்தாலும் அவர் போடுகிற கூச்சல் மைக் செட்டை மீறிக் கேட்கும். கல்யாணமான புதிதில் அதற்காக அவள் வெட்கப்பட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். இப்போது டிவியில் கபடியைப் போட்டுக் காட்டினாலும் அவர் கண் சுவரில்தான் நின்றது. ஊட்டினால் விழுங்கினார், படுக்கவைத்தால் படுத்தார். முகத்தில் கோபமாவது வராதா என்று ஒருநாள் வேண்டுமென்றே அவரை வைதுகூடப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு அடுப்படியில் போய் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாசியில் எம்.ரெட்டியபட்டியில் கபடிப் போட்டி வைத்தார்கள். அதையொட்டி மதுரையிலிருந்து சத்யபிரியா என்ற பெண் வந்திருந்தாள். விளையாட்டு அறிவியலில் ஆராய்ச்சி செய்கிறவள். பள்ளிக்கூட மைதானத்தில் நாற்காலி போட்டு, வயசானவர்களை உட்கார்ந்து எழச் சொல்லித் தெம்பை அளந்தாள். பிறகு மணிக்கட்டில் கறுப்புப் பட்டை ஒன்றைக் கட்டி ஆட்டம் பார்க்க அனுப்பினாள்.

"ஆட்டம் பாக்கையில இவங்களுக்கு நாடி எப்படி ஏறி இறங்குதுன்னு பாக்குறோம்மா. நேர்ல வந்து ஆசையாப் பாக்குறவங்க, வீட்டுலயே முடங்கிக் கிடக்கறவங்களவிடத் தெம்பா இருக்காங்களான்னு தெரிஞ்சுக்கணும்."

ரேணுகாதேவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு கட்டி விடு தாயி."

"வாதம் வந்தவங்களைச் சேர்க்கக் கூடாதும்மா. விதி அப்படி."

"நீ கணக்குல சேக்க வேணாம். அவுக உள்ள இருக்காகளா இல்லையான்னு மட்டும் எனக்குச் சொல்லு."

சத்யபிரியா பெட்டியிலிருந்து இன்னொரு பட்டையை எடுத்தாள். ஆனால் முதலில் டாக்டரிடம் கேட்டு வரச் சொன்னாள். டாக்டர் யோசித்தார். உட்கார்ந்து பார்க்கலாம், படபடப்பு வந்தால் உடனே கிளப்பிவிட வேண்டும் என்றார். "இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டார். ஞாபகம் வச்சுக்கோங்க."

பக்கத்து வீட்டுச் சோலையின் ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு போய், மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த மூங்கில் தடுப்பை ஒட்டி உட்காரவைத்தார்கள். முதல் நாள் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மற்றவர்களின் நாடி ஏறி இறங்குவதைச் சத்யபிரியா செல்போனில் காட்டினாள். அவருடைய கோடு மட்டும் தட்டையாக ஓடியது.

"தூங்குறவங்களுக்கு இப்படித்தான் இருக்கும்" என்றாள் மெதுவாக. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவள் முகம் சுருங்கியது.

மறுநாள் சாயங்காலம் இறுதி ஆட்டம். உள்ளூர் அணிக்கும் குமாரலிங்கபுரத்து அணிக்கும் ஒரே இழுபறி. புழுதி எழும்பிக் கண்ணை மறைத்தது. சத்யபிரியா திடீரென்று, "அம்மா, ஏறுதும்மா!" என்று கத்தினாள்.

ரேணுகாதேவி புருஷன் முகத்தைப் பார்த்தாள். எப்போதும்போல மரமாகத்தான் இருந்தது. ஆனால் கண் சுவரைத் தேடவில்லை, களத்தில் 'கபடி கபடி' என்று பாடிப்போகிறவனோடு போனது. "இருக்காக... உள்ளதான் இருக்காக" என்று அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கோடு ஏறிக்கொண்டே போனது.

"ரொம்பப் போகுதும்மா. கூட்டிட்டுப் போயிருங்க."

"சந்தோஷத்துல அடிக்குதா, பயத்துல அடிக்குதா?"

"இதுல அது தெரியாதும்மா. வேகமா அடிக்குதுன்னு மட்டும்தான் தெரியும். எந்திரிங்கம்மா, சீக்கிரம்!"

சோலை ஓடிவந்து அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். ஆள் வரவில்லை. இடது கை மூங்கிலைப் பிடித்திருந்தது. ரேணுகாதேவி ஒவ்வொரு விரலாக நெம்பினாள்; நெம்பிய விரல் மறுபடி போய் ஒட்டிக்கொண்டது.

"விடுங்க! செத்துப் போவீக, விடுங்க!" என்று அவர் தோளில் அறைந்தாள். "என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

அவர் திரும்பிப் பார்த்தார். அத்தனை மாதமும் அவளைத் தாண்டிப் போன கண், இப்போது அவள் மேல் நின்றது. அதில் இருந்தது கோபம். சந்தேகமே இல்லை, பழைய சங்கரலிங்கத்தின் கோபம்.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"ஏதாவது ஆயிருச்சுன்னா என்னம்மா செய்வீங்க?" சத்யபிரியாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆனா ஆகட்டும் தாயி."

சொன்ன கையோடு மண்ணில் உட்கார்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் உடம்பு பூராவும் அடிப்பது அவள் கன்னத்தில் தெரிந்தது. தெரிந்த சாமியெல்லாம் மறந்துபோய், ஒரு பேரும் வாயில் வரவில்லை.

கடைசியாகப் பாடிப்போன உள்ளூர்க்காரனை நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். ஒரே புள்ளியில் தோல்வி. அப்போது சங்கரலிங்கத்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பேச்சில்லை, கன்றை இழந்த மாடு கத்துகிற மாதிரி ஓர் அலறல். முன்னாலிருந்தவர்கள் பயந்து திரும்பினார்கள். அவர் அழுதுகொண்டிருந்தார். கோடு மெல்ல இறங்கியது.

மறுநாள் காலையில் அவர் இடது கையை நாற்காலியில் ஊன்றி எழப் பார்த்துத் தொப்பென்று விழுந்தார். பிடிக்க ஓடிவந்தவளைத் தள்ளிவிட்டார். மறுபடி ஊன்றினார், மறுபடி விழுந்தார். வேட்டி வேர்வையில் நனைகிறவரை அதையே செய்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

விஷயம் தெரிந்து டாக்டர் கத்தினார். "பிழைச்சது அதிர்ஷ்டம். இனிமே இந்த வேலை வச்சுக்காதீங்க." அவள் பிரஷர் மாத்திரைச் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சித்திரையில் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார். பேச்சு வரவேயில்லை. திருச்சுழியில் போட்டி என்று மைக் கட்டிய வண்டி தெருவில் சொல்லிக்கொண்டு போன அன்று, கொடியில் கிடந்த சட்டையை இழுத்துத் தானாக ஒரு கையை நுழைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடி நின்றார்.

ரேணுகாதேவி பிரஷர் மாத்திரையை எடுத்து அவர் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். இன்னொரு கையையும் சட்டைக்குள் நுழைத்துவிட்டாள். பிறகு சோலையைக் கூப்பிட வாசலுக்குப் போனாள். செல்போனில் அவன் எடுத்ததும், "வண்டிய எடுத்துட்டு வா சோலை, திருச்சுழிக்குப் போகணும்" என்றாள்.