நேர் விமானத்தில் இடமில்லை

வழியில் இறங்கி மாறி ஏற வேண்டிய விமானம் நாற்பது நிமிடம் தாமதம் என்று பலகையில் வந்தபோது லிஃப்ட் இன்ஜினீயர் அலட்டிக்கொள்ளவில்லை. மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகப் போய் லிஃப்ட் சரிபார்க்கிறவனுக்கு இதெல்லாம் பழகிய சங்கதி. நாற்பது நிமிடம் இரண்டு மணி நேரமாக நீண்டபோதுதான் எழுந்து போய்க் கவுன்ட்டரில் விசாரித்தான். மூன்று மணிக்கு அப்பாவுக்கு இதய ஆபரேஷன். "உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்" என்று சொல்லியிருந்தார்.

நேர் விமானம் இருந்தது. காலையில் ஏறினால் மதியத்துக்குள் அப்பா பக்கத்தில் இருக்கலாம். மாறிப் போனால் கட்டணம் குறைவு என்று மனைவியிடம் சொன்னது பாதிதான் உண்மை. ஒவ்வொரு முறை ஏறுவதையும் விமானக் கம்பெனி கணக்கு வைக்கும்; மாறிப் போனால் ஒன்றுக்கு இரண்டு. வருடம் முடிவதற்குள் இன்னும் இரண்டு முறை ஏறினால் அவர்கள் தந்திருந்த சில்வர் கார்டு கோல்டு கார்டாகிவிடும். ஆபீஸில் ஜூனியர் ஒருவன் பையில் கோல்டு பட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்ததிலிருந்து இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு மணிக்குப் போய் இறங்கிவிடலாம், என்ன குடிமுழுகிப் போகிறது என்று நினைத்தான். அக்காவிடம் மட்டும், நேர் விமானத்தில் இடமில்லை என்று சொல்லி வைத்தான்.

இரண்டரைக்கு, ஏறும் வரிசையில் நிற்கும்போது அக்கா கூப்பிட்டாள்.

"தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்கடா. எங்க இருக்க?"

"இப்பதான் ஏறப் போறேன்க்கா."

"என் நாத்தனார் வீட்டுக்காரர் காலைல நேர் ஃபிளைட்லதான் வந்தாரு. பின்னாடி நாலு வரிசை காலியாம். கால நீட்டிப் படுத்துட்டு வந்தாராம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்பாகிட்ட..."

"சொல்லல."

அக்காவுக்குப் பின்னால் அப்பாவின் குரல். "டிக்கெட் கிடைக்கலேன்னா அவன் என்ன பண்ணுவான்? பாவம், அவனப் போட்டு ஏன் வையிற? இங்க குடு." போன் கை மாறியது. "டேய், அலைஞ்சு திரிஞ்சு வர்றியே, ஏதாச்சும் சாப்டியா?"

குரல் குழைந்திருந்தது, யாரோ வயசாளி பேசுவதுபோல.

"சாப்டேம்பா."

"நர்சு பல்லக் கழட்டி வாங்கிட்டா. நான் பேசறது புரியுதா?"

"புரியுதுப்பா. அப்பா, நான் வந்து..."

"வா, வா. மெதுவா வா."

சக்கரங்கள் உருளும் சத்தம். லிஃப்ட் கதவு திறந்தது, மூடியது. போனைத் திரும்ப வாங்கிய அக்கா அதை வைக்கவில்லை.

"கார்டு இருக்கறவங்க முதல்ல வரலாம் சார்" என்று விமானக் கம்பெனிப் பெண் சிவப்புப் பட்டையைக் கழற்றி ஒதுங்கி நின்றாள். அவன்தான் முதலில் நின்றிருந்தான். பின்னாலிருந்தவர்கள் பைகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் நகர்வதற்காகக் காத்திருந்தார்கள்.