கெய்லின் தூங்கிய எபிசோடு

கெய்லின் ஸ்டாம்பர் கர்ப்பமாக இருக்கிறாள் என்ற செய்தி மில்ஸ்டோன் கிரீக் முழுக்கப் பரவ இரண்டே நாள்தான் ஆனது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அவளுடைய அப்பா வெர்ஜில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கென்டக்கி மலைப்பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தினமும் காலையில் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேருந்தில் ஏறுவார்கள். அந்த இரண்டு நாளும் முகத்தைப் பார்த்தே விஷயத்தை உறுதிசெய்துகொண்டார்கள்.

ஊருக்கே தெரிந்தாயிற்று, இனி நாட்டுக்கே தெரிந்தால்தான் என்ன என்ற வீம்பில் அவள் 'பள்ளிக்கூடத்து அம்மாக்கள்' நிகழ்ச்சிக்கு எழுதிப்போட்டாள். படிக்கும்போதே தாயாகிவிட்ட பெண்களின் வீட்டுக்கே போய்ப் படம் எடுத்துக் காட்டுகிற, அவள் வகுப்பில் எல்லாரும் வாய் பிளந்து பார்க்கிற டிவி நிகழ்ச்சி அது. பதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. குழந்தை டெஸ்ஸா பிறந்த ஏழாவது வாரம், வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் வெர்ஜில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "என் கக்கூசுக்குள்ள கேமரா வரக் கூடாது. மத்தபடி என்ன வேணாலும் எடுத்துக்கோங்க."

வந்தவர்களுக்குத் தலைவி ரெனாட்டா. லாஸ் ஏஞ்சல்ஸ்காரி, எல்லாரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். கேமராக்காரன் ஆஸி மலை மாதிரி ஆள். நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். மூன்று வாரம் படம் எடுத்ததில் கிடைத்தது என்னவென்றால் டயப்பர், பால் பாட்டில், கொட்டாவி, மறுபடியும் டயப்பர். மற்ற வீடுகளில் பெண்கள் தட்டைத் தூக்கி எறிகிறார்கள், பையன்கள் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறுகிறார்கள். இங்கே கெய்லினும் குழந்தையின் அப்பா கோல்பியும் சண்டை போடுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் சோபாவில் சாய்ந்து கிடந்தார்கள்.

கோல்பி ரீஸ் அவளைவிட ஒரு வயது மூத்தவன். குழந்தை பிறந்ததும் ஒரு பை துணியோடு வந்து அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்கிவிட்டான். பள்ளி விட்டதும் டயர் கடையில் வேலை. வீட்டுத் துணி துவைக்கும் மெஷின் பழுதாகிக் கிடந்ததால் சனிக்கிழமைதோறும் குழந்தைத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு, காசு போட்டு நாமே துவைத்துக்கொள்கிற ஊர்க்கோடி லாண்டரிக்குப் போவான். அந்த ஒரு வேலையை அவன் யாரும் சொல்லாமலே செய்தான். அதில் கெய்லினுக்குக் கொஞ்சம் பெருமை.

அந்தப் பெருமையின் மேல்தான் ரெனாட்டா கை வைத்தாள்.

"கண்ணு, லாண்டரியில துணி துவைச்சுக் காயவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒண்ணரை மணி நேரம்."

"கோல்பி எப்போ போனான்?"

"பன்னெண்டுக்கு."

"எப்போ வருவான்?"

"நாலு நாலரைக்கு..." சொல்லும்போதே கெய்லினின் குரல் இறங்கிவிட்டது.

"நான் ஒண்ணும் சொல்லல கண்ணு," என்றாள் ரெனாட்டா. "லாண்டரிக்குப் பக்கத்துல ஒரு டோனட் கடை இருக்கு. அங்க ஒரு பொண்ணு நிக்கறா. ஷெல்பியாமே? உங்க ஸ்கூல்ல படிச்சவளாமே?"

ஷெல்பி! ஒன்பதாம் வகுப்பில் கோல்பியோடு ஜோடியாகப் பள்ளி நடன விழாவுக்குப் போனவள். இடுப்பு இன்னும் இடுப்பாகவே இருக்கிறவள். கெய்லின் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டாள். தோளில் பால் கக்கிய கறை, அதற்குக் கீழே நேற்றைய கறை. அவள் டெஸ்ஸாவைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள். ஆஸி கேமராவைத் தூக்கினான். ரெனாட்டாவின் கண்ணில் மூன்று வாரமாக இல்லாத வெளிச்சம்.

போகிற வழியெல்லாம் கெய்லின் மனதுக்குள் வசனம் தயார் செய்தாள். 'உன் துணிமூட்டையை எடுத்துக்கிட்டு இன்னைக்கே கிளம்பு' என்று ஆரம்பிப்பதா? 'நம்ம பொண்ணு முகத்தைப் பார்த்துச் சொல்லு' என்று ஆரம்பிப்பதா? இரண்டாவதில் அழுகை வந்துவிடும். எனவே முதலாவது.

டோனட் கடையில் ஷெல்பி தனியாக நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லாண்டரியில் துணிகள் டிரையரில் சுற்றிக்கொண்டிருந்தன, கோல்பி இல்லை. கட்டிடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிக்கு அருகில், அவனுடைய பழைய பிக்-அப் வண்டி நிழலில் நின்றது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது.

"உள்ள ரெண்டு பேர் இருப்பாங்க போல," என்று ரெனாட்டா கிசுகிசுத்தாள்.

கெய்லின் கதவைப் படீரென்று திறந்தாள்.

உள்ளே கோல்பி மட்டும்தான். சீட்டைப் படுக்கவைத்து, முதல் சுற்றில் காய்ந்த துணிகளைத் தலைக்கு முட்டுக்கொடுத்து, வாய் திறந்து, எச்சில் வழிய, பிணம்போலத் தூங்கிக்கொண்டிருந்தான். டெஸ்ஸாவின் மஞ்சள் காலுறை ஒன்று அவன் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

தயார் செய்த வசனங்கள் எல்லாம் பறந்துபோயின. ஷெல்பி இருந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

"தூங்குறியாடா?" என்றாள். பிறகு கத்தினாள். "தூ... ங்கு... றியா?"

கோல்பி துள்ளி எழுந்து மண்டையைக் கூரையில் இடித்துக்கொண்டான். "துணி... துணி காயுது..."

"எத்தனை வாரமா?"

அவன் கேமராவைப் பார்த்தான், ரெனாட்டாவைப் பார்த்தான், தப்பிக்க வழியில்லை என்று தெரிந்துகொண்டான். "அவ பொறந்ததுலேருந்து."

"நான் ஒரேயடியா ரெண்டு மணி நேரம் தூங்கிப் பத்து வாரமாச்சுடா! பத்து வாரம்! பல்லு தேய்க்கும்போது நின்னுக்கிட்டே தூங்குறேன். நீ இங்க மெத்தை போட்டு..."

ரெனாட்டா மெல்ல நெருங்கி மைக்கை நீட்டினாள். "கெய்லின், இந்த நிமிஷம் உன் மனசுல என்ன ஓடுது?"

கெய்லின் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "தூக்கம் வருது," என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. டெஸ்ஸாவைக் கோல்பியின் கையில் வைத்தாள். டயப்பர் பையை அவன் தோளில் மாட்டினாள். அவனை வெளியே தள்ளிவிட்டு உள்ளே ஏறி இரண்டு கதவையும் பூட்டினாள். அந்தச் சூடான துணிக்குவியலில் முகத்தைப் புதைத்ததுதான் அவளுக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது வண்டிக்கு மேல் இருந்த நிழல் மறுபக்கம் போயிருந்தது. கோல்பி லாண்டரியின் பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். டெஸ்ஸா அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள், வேறொரு உடுப்பில், அதுவும் முன்பக்கம் பின்பக்கமாக. ரெனாட்டாவும் ஆஸியும் எதிரே டோனட் தின்றுகொண்டிருந்தார்கள்.

கெய்லின் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தூங்கினதுக்குக் கோவம் இல்ல," என்றாள். "பொய் சொன்னியே."

"நான் பொய் சொல்லல. துணி துவைக்கப் போறேன்னேன். துவைச்சேன்."

"கோல்பி!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சரி, பொய்தான். நீ ஒரு தடவைகூட முடியலன்னு சொன்னதில்ல. நான் மட்டும் எப்படி முடியலன்னு சொல்றது? வெக்கமா இருந்துச்சு. அதான் இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டேன்."

"ராத்திரி அவ அழுறது தெருக்கோடி வரைக்கும் கேக்குது. உனக்கு மட்டும் கேக்காதா?"

"கேக்கும்," என்றான் மெதுவாக. "நீ எழுந்துக்கறது கேட்டதும் கண்ணை மூடிக்குவேன்."

இதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வேண்டியிருந்தது என்பது கெய்லினுக்குப் புரிந்தது. இருந்தாலும் அவன் முழங்கையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள். குழந்தை தூங்குவதால் சத்தம் வராமல் வாங்கிக்கொண்டான்.

அன்றைக்கே பேசி முடிவு செய்தார்கள். வெள்ளி, சனி இரவுகள் கோல்பியுடையவை. கெய்லின் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாள். முதல் வெள்ளிக்கிழமை அவன் நான்கு முறை கதவைத் தட்டினான். "பாட்டில் எங்க?" "பாட்டில் மூடி எங்க?" "இது என்ன கலர், இப்படித்தான் போவாளா?" நாலாவது முறை ஒன்றுமே கேட்கவில்லை. "தூங்கிட்டா. சும்மா சொல்லலாம்னு வந்தேன்," என்றான். கெய்லின் தலையணையை எறிந்தாள். மூன்றாவது வாரத்தில் தட்டுவது நின்றது. அதற்குள் டிவிக்காரர்கள் மூட்டை கட்டியிருந்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து எபிசோடு ஒளிபரப்பானது. வெர்ஜில் சாய்வு நாற்காலியில், கெய்லினும் கோல்பியும் சோபாவில், டெஸ்ஸா கம்பளத்தில் தன் கட்டைவிரலோடு. கெய்லினுக்குத் தான் தூங்கியபோது நடந்தது அப்போதுதான் தெரிந்தது. திரையில் கோல்பி லாண்டரி மேஜையில் டெஸ்ஸாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தான். ஒட்டும் பட்டை அவன் சட்டைக்கையில் ஒட்டிக்கொண்டது. பிரித்தால் விரலில் ஒட்டியது. டெஸ்ஸா அந்த நேரம் பார்த்து மேஜையை நனைத்தாள். படம் திடீரென்று ஆட, ஓரத்திலிருந்து ஆஸியின் பெரிய கை ஒன்று நீண்டு துடைக்கும் துணி கொடுத்தது. ஊரைக் கூட்டும் அழுகை. என்ன செய்வதென்று தெரியாமல் கோல்பி, துவைக்கும் மெஷினில் ஒட்டியிருந்த விதிமுறைகளைத் தாலாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் படித்தான். "சோப்பைக் குறைவாப் போடவும்... மூடியை நல்லா மூடவும்..." சாயத் துணி பற்றிய விதி வந்தபோது டெஸ்ஸா தூங்கிவிட்டாள்.

வெர்ஜில் சிரித்துச் சிரித்து இருமினார்.

திரையில் ரெனாட்டாவின் குரல் கேட்டது. "கோல்பி, எல்லாத்தையும் விட்டுட்டு ஓடிரலாம்னு தோணியிருக்கா?"

"தோணும்," என்றான் திரைக் கோல்பி. குழந்தை எழுந்துவிடாமல் இருக்கக் கிசுகிசுத்தான். "வண்டியில ஏறி உக்காருவேன். தூக்கம் வந்துரும். எழுந்தா வீட்டுக்குப் போகணும்னுதான் இருக்கும்."

சோபாக் கோல்பி காது சிவக்க, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கெய்லின் அவன் கையை வாயிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பையன் பரவாயில்ல," என்றார் வெர்ஜில், டிவியைப் பார்த்தபடியே. அவர் அவனைப் பற்றி நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த சீசனுக்கு அவர்களை யாரும் கூப்பிடவில்லை. தட்டு எறிந்த பெண்களைத்தான் கூப்பிட்டார்களாம். கெய்லின் வருத்தப்படவில்லை. வசந்தத்தில் கணக்குப் பரீட்சை இருந்தது, அதுதான் பயம்.

ஒருநாள் டெஸ்ஸாவோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போன கெய்லின் வெங்காயம் பொறுக்கும்போது, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். பெயர் மெக்கென்னா என்றாள்.

"நீங்க டிவியில வந்த அக்காதானே? ஐயோ, பாப்பா எவ்வளவு அழகு! எனக்கும் இப்படி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்னு என் ஆளுகிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

கெய்லின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். புத்தி சொல்ல வாயெடுத்தாள். பிறகு டெஸ்ஸாவைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

"கொஞ்சம் பிடிச்சுக்கோ. இன்னும் பால், ரொட்டி, முட்டை எல்லாம் எடுக்கணும். பின்னாடியே வா."

பால் பகுதிக்குப் போவதற்குள் டெஸ்ஸா வீறிட ஆரம்பித்தாள். ரொட்டிப் பகுதியில் மெக்கென்னாவின் காதுவளையத்தைப் பிடித்துத் தொங்கினாள். முட்டைக்கு முன்னால் அவளுடைய புதுச் சட்டையில் காலையில் குடித்தது முழுவதையும் கக்கினாள்.

"அக்கா! அக்கா! இவ எப்போ நிறுத்துவா?"

"எனக்கும் தெரியாது," என்றாள் கெய்லின், முட்டைப் பெட்டியைத் திறந்து உடைசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே. "இன்னும் ஒரே ஒரு சாமான்தான். வந்துட்டேன், வந்துட்டேன்."