மூன்று நிமிடம்

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில், இயந்திர அறையில் வேலை. கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் வரும், அதுவும் மூன்றே நிமிடம். அவருக்குப் பின்னால் வரிசை நிற்கும். அந்த மூன்று நிமிடத்துக்காக வாரம் முழுக்க மனதுக்குள் பேசிப் பார்த்து, சப்பென்று இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டு, ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்வேன். அவரும் அப்படித்தான். மேல்தளத்தில் வந்து ஒதுங்கிய கொக்கைப் பற்றி அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

இப்போது கப்பலில் வைஃபை வந்துவிட்டது. தினமும் ஒரு மணி நேரம் வீடியோவில் முகம் பார்க்கிறோம். நான் வேலை பார்க்கும் செருப்புக் கடையில் நடந்ததைச் சொல்வேன். "ம்" என்பார். குழாய் ஒழுகுகிறது என்பேன். அதற்கும் "ம்". ஒருநாள் என்ன சாப்பாடு என்று கேட்டால், நன்றாகத் தூங்கினேன் என்கிறார். வீட்டில் தனியாக இருப்பது பழகிவிட்டது. அவர் முகத்துக்கு எதிரே தனியாக இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கோபத்தில் செய்தி அனுப்பினேன்: இனி ஞாயிறு மட்டும், மூன்று நிமிடம். சரி என்று பதில் வந்தது. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை மனிதர்.

அந்த வாரம் என் கண் தானாகத் திறந்துகொண்டது. திங்களன்று ஒற்றைக் கால்காரர் ஒருவர் இடது செருப்பு மட்டும் கேட்டார். ஜோடியாகத்தான் தருவேன் என்றார் முதலாளி. சனிக்கிழமை அந்த ஒற்றைக் கால்காரர், அதே அளவில் வலது செருப்பு தேவைப்பட்ட இன்னொருவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். இதைத்தான் சொல்வதென்று முடிவு செய்தேன்.

ஞாயிறு அழைத்தார். அலாரம் வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் முதல்ல சொல்லிடறேன். ரெண்டு காதும் கேக்கல. அஞ்சு மாசமாச்சு. உன் வாயைப் பாத்துத்தான் 'ம்' போட்டுட்டு இருந்தேன். மூணு நிமிஷம்தான்னு நீ எழுதினதும் எதைச் சொல்லலாம்னு வாரம் பூரா யோசிச்சேன். கடைசில இது ஒண்ணுதான் நின்னுச்சு."

எத்தனை நாள் அந்த "ம்"முக்காக அவரைத் திட்டியிருப்பேன். கைக்கு எட்டிய செருப்புப் பெட்டியின் மூடியைக் கிழித்து, பெரிய எழுத்தில் எழுதினேன். இரண்டு சொல்லுக்குத்தான் இடமிருந்தது.

'வீட்டுக்கு வாங்க.'

திரைக்கு முன்னால் பிடித்தேன். அவர் எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக, வாய்விட்டுப் படித்தார்.

அலாரம் அடித்தது. எனக்கு மட்டும்தான் கேட்டது.