ஒரு வரிக்கு ஒரு சீட்டு

இரஞ்சிதத்துக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று காலை எட்டரை மணிக்கே சிவந்துவிட்டது.

ஜப்பான்காரர் பிடித்துச் சிங்கப்பூர் ஷோனான் ஆகி ஐந்து மாதம். மேட்டின் மேலிருந்த அந்தக் கல்லூரியில் மாணவர்கள் இல்லை. வெள்ளைக்கார நூலகரைச் சாங்கிச் சிறையில் அடைத்து வைத்திருந்தார்கள். நூலகத்தில் மிஞ்சியவர்கள் தலைமைக் குமாஸ்தா அம்பலவாணரும் தட்டச்சு செய்யும் இரஞ்சிதமும்தான். அவர்களுக்கு மேலே ஒரு ஜப்பானிய அதிகாரி. ஊரில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவராம். ஆங்கிலம் மெதுவாக, சுத்தமாகப் பேசுவார்.

பட்டாளத்துக்குக் காகிதம் வேண்டுமாம். பழைய ஊர்ச் சரித்திரத் தொகுப்பு இருந்த பின்னறையைக் காலி செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதிகாரி தன்னால் முடிந்த அளவுக்கு ஒரு வழி செய்திருந்தார். நூலகப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் சிவப்பு முத்திரை குத்திய ஒரு சீட்டு. சீட்டு ஒட்டியது தங்கும். ஒட்டாதது மாலை நாலு மணி வண்டியில் காகித ஆலைக்குப் போகும்.

பட்டியல் அம்பலவாணர் தயாரித்தது. பதினான்கு வருட உழைப்பு, அழகான ஆங்கிலக் கையெழுத்து. இரஞ்சிதம் அன்றுதான் அதை முழுக்கப் பார்த்தாள். வெள்ளைக்காரர்களின் கடிதங்களுக்கு முந்நூறு வரிக்கு மேல் இருந்தது. எவனோ ஒரு கப்பல் கேப்டன் சலவைக்குப் போட்ட துணிகளின் ஜாபிதாவுக்குக்கூடத் தனி வரி கொடுத்திருந்தார் மனிதர். கடைசிப் பக்கத்தின் அடியில், "தமிழ்க் கடதாசிகள், பலவகை" என்று ஒரே ஒரு வரி.

நாற்பத்துமூன்று பெட்டிகளுக்கு ஒரு வரி, ஆகவே ஒரு சீட்டு.

"ஐயா, இதென்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்?"

"துரை அப்பிடித்தான் எழுதச் சொன்னவர், பிள்ளை."

"துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே?"

அம்பலவாணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூலிச் சனத்தின்ரை கடதாசியள். அதிலை என்ன சரித்திரம் கிடக்குது?"

இப்படிச் சொன்னவர் தேவாரம் பாடினால் கோயிலில் நாலு பேர் கண்ணை மூடிக் கேட்பார்கள். அதுதான் இரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழ் தெரியாதவன் செய்திருந்தால் அவள் பொறுத்திருப்பாள்.

அவள் நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள். நாற்பத்துமூன்று சீட்டு வேண்டும் என்று கேட்டாள். அவர் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்கள் மொழி தெரிந்த உங்கள் ஆளே இதற்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறார். நீங்கள் மதிக்காததை நான் மதித்தேன் என்று மேலே என்ன சொல்வது?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அறைவதற்கு அந்தக் காலத்தில் பஞ்சமும் இல்லை. அவர் சொன்னது உண்மை என்பதுதான் தாங்க முடியவில்லை.

"நாலு மணிக்குள் புதிய பட்டியல் தந்தால்?"

"ஒவ்வொரு பெட்டியையும் வாசித்து எழுதியிருக்க வேண்டும். நான் சோதிப்பேன்."

இரஞ்சிதம் இடுப்பில் சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்தாள். முதல் பெட்டியில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர்களின் பெயர்கள், ஊரோடும் வயதோடும். இரண்டாவதில் சிராங்கூன் ரோட்டு மாட்டுக்கொட்டகைக்காரர்கள் வைக்கோலுக்காக அடித்துக்கொண்ட வழக்கு. அடுத்ததில் கணவனைத் தேடி வந்த ஒருத்தி யார் யாருக்கோ எழுதுவித்த பதினொரு கடிதங்கள். முழுக்கப் படிக்க மனம் துடித்தது. நேரமில்லை. கறையான் அரித்த தாள்களை விரல் நுனியால் பிரித்து, நாலு ஆங்கில வார்த்தையில் ஒரு வரி எழுதி, அடுத்த பெட்டிக்குப் போனாள்.

"ஐயா, நீங்களும் வாசிச்சா எல்லாம் முடிஞ்சிடும்."

"நான் இப்ப எழுதினா, முந்தி எழுதினது பிழையெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. ஜப்பான்காரன் என்னை முற்றத்திலை முழங்காலிலை விடுவான்."

அந்தப் பயம் பொய்யில்லை. போன வாரம் வாசல் காவல்காரனை அப்படித்தான் வெயிலில் விட்டிருந்தார்கள். அவளுக்கு அது புரிந்தது. ஆனாலும் மன்னிக்க மனம் வரவில்லை. அவர் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, பகல் முழுக்கக் கேப்டன்மாரின் பெட்டிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குப் பதினேழு வரி ஆகியிருந்தது. அதிகாரி மூன்று பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்ததைக் கேட்டுச் சரிபார்த்தார். பதினேழு சீட்டை எண்ணிக் கொடுத்தார். மேலே ஒன்றுகூடத் தரவில்லை.

வண்டியோடு வந்தவர்கள் தஞ்சோங் பகார் துறைமுகக் கூலியாட்கள். அவர்களில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், வேலாயுதம் என்று பெயர், பெட்டியைத் தோளில் ஏற்றுமுன் கேட்டார்.

"இதெல்லாம் என்ன காயிதம்மா? தமிழ் மாதிரி இருக்கு?"

"தமிழ்தான். கூலிக்காரர் குடுத்த மனு, கடிதம், எல்லாம் இருக்கு."

"நாங்க குடியிருந்த லயத்துக்குத் தண்ணிக்குழா கேட்டு எங்க ஆளுங்க ஒரு மனு போட்டாங்கம்மா. எங்கப்பாதான் மொதல்ல கைநாட்டு வச்சாராம். அதுவும் இங்கதான் இருக்குன்னாங்க. எந்தப் பெட்டிம்மா?"

எழுதிய பதினேழில் அப்படியொரு மனு இல்லை.

"தெரியாதண்ணே," என்றாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. "ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

சிப்பாய் அதட்டினான். வேலாயுதம் பெட்டியைத் தோளில் ஏற்றி ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு இருபத்தாறு பெட்டிகளையும் அவரும் கூட்டாளிகளும் ஏற்றினார்கள். தகப்பன் கைநாட்டை மகன் எந்த நடையில் சுமந்தார் என்று அவருக்கும் தெரியாது, இரஞ்சிதத்துக்கும் தெரியாது.

மறுநாள் காலை அம்பலவாணர் நூலகக் கோப்புக்காக ஓர் அறிக்கையை எழுதித் தட்டச்சு செய்யக் கொடுத்தார். "போரினால் அழிந்தவை: தமிழ்க் கடதாசிகள், ஒரு பகுதி" என்று இருந்தது.

போரினாலாம்! இரஞ்சிதம் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தானே தட்டினாள். "தமிழ்ப் பெட்டிகள் இருபத்தாறு. உள்ளே இருந்தது என்னவென்று தெரியாது. தலைமைக் குமாஸ்தா பதினான்கு வருடங்களாகப் பட்டியலிடாததால் இழக்கப்பட்டவை." அடியில் அவர் பெயரையும் அடித்து அவர்முன் வைத்தாள்.

வாசித்ததும் அவர் முகம் வெளிறியது. "இதிலை கையெழுத்து வைச்சா, நாளைக்குத் துரை திரும்பி வரேக்கை என்ரை பேர் என்னாகும், பிள்ளை?"

"உங்கடை பேராவது ஒரு இடத்திலை எழுதிக் கிடக்கும், ஐயா. அந்தச் சனத்தின்ரை பேர் இனி எங்கையும் இல்லை. வையுங்கோ கையெழுத்தை."

அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அவள் தன்னுடையதை நீட்டினாள்.