நூறு பட்டன்

தையற்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. விடுமுறை நாளின் மத்தியானம். துணி வெட்டும் மேசைக்கு இந்தப் பக்கம் தையல்காரர், அந்தப் பக்கம் அவருடைய தங்கையின் கணவர். சீட்டுப் போடுவது தங்கை. காசு வைத்துப் போக்கர் ஆடுவது அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஆளுக்கு ஐம்பது சட்டைப் பட்டன், அவ்வளவுதான். இருபது வருஷப் பழக்கம்.

இன்றைக்குப் பட்டன் வெறும் பட்டனாக இல்லை. மாப்பிள்ளையின் நெஞ்சில் ஒரு வால்வு பழுது. ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் எழுந்து வருகிறார்களாம். லேத் பட்டறையில் மயிரிழை பிசகாமல் இரும்பு கடைகிற மனிதருக்கு அந்த மீதி ஆறுதான் கண்ணை உறுத்தியது.

“நூறு போல்ட்ல ஆறு வீணாப் போனா எங்க முதலாளி மெஷினையே நிறுத்திடுவார், மச்சான்.”

ஆறு மாதமாகத் தையல்காரர் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. கடைசியில் மாப்பிள்ளையே ஒரு வழி சொன்னார். “சீட்டுல தீர்த்துக்கலாம். நூறு பட்டனும் யார்கிட்ட சேருதோ அவர் ஜெயிச்சார். நீங்க ஜெயிச்சா திங்கட்கிழமை போய்ப் படுத்துக்கறேன். நான் ஜெயிச்சா இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.”

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் மனிதர் இறங்கி வந்ததே அந்த ஒரு படிதான். தையல்காரர் சரி என்றுவிட்டார்.

இரண்டு மணி நேரம் ஆடியும் ஆளுக்கு ஐம்பதிலேயே நின்றது. தங்கை மறுபடி இரண்டிரண்டு சீட்டுப் போட்டாள். தையல்காரர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு ராணி. மூன்று பட்டன் வைத்தார். இருவருக்கும் பொதுவான ஐந்து நடுச்சீட்டில் ஒன்றுகூட இன்னும் திறக்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளை தன் ஐம்பதையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளினார்.

“வர்றீங்களா, கவுத்துட்டுப் போறீங்களா?”

சீட்டைக் கவிழ்த்து இந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் போவது மூன்று பட்டன். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பெரிதாக எது வந்தாலும் கவிழ்த்துவிடுவது அவர் வழக்கம்.

ஆனால் எதிரே இருப்பவரையும் அவருக்குத் தெரியும். நல்ல சீட்டு வந்தால் மாப்பிள்ளை நாலே நாலு பட்டன் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல உட்காருவார், ஆள் ஓடிவிடக் கூடாதே என்று. மொத்தத்தையும் தள்ளினால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம். கையில் ஏதோ நடுத்தர ஜோடி. நடுச்சீட்டைப் பார்க்கவே திராணியில்லை. அப்படியானால் ஐந்துக்கு நாலு தடவை ராணிகள்தான் ஜெயிக்கும்.

அதாவது நூற்றுக்கு எண்பது. தொண்ணூற்று நாலை நம்புங்கள் என்று ஆறு மாதம் ஓதிய வாய், எண்பதுக்கு உலர்ந்து போயிருந்தது. அவருக்கே தன்மேல் வெட்கமாக இருந்தது.

வெட்கத்துக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. தோற்பதற்கு அவர் அவ்வளவு பயப்படவில்லை. ஜெயித்துவிட்டால்? திங்கட்கிழமை உள்ளே போகிறவர் அந்த ஆறில் ஒருவராகிவிட்டால், தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? கவிழ்த்துக் கவிழ்த்தே தோற்றுப்போனால் அந்தப் பழி அவர் தலையில் விழாது. ஆள் மட்டும் போய்விடுவார், இரண்டு வருஷத்தில்.

தங்கை சீட்டுக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு மேசையையே பார்த்தாள்.

“வர்றேன் மாப்பிள்ளை,” என்று மீதி நாற்பத்தேழையும் தள்ளினார்.

மாப்பிள்ளை காட்டியது இரண்டு ஒன்பது. தங்கை ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். நாலு, ஜாக்கி, இரண்டு, ஏழு, ராஜா. ராணிகள் ஜெயித்தன. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

“கவுத்துடுவீங்கன்னு நினைச்சேன்,” என்றார் மாப்பிள்ளை. “எப்பவும் கவுப்பீங்களே.”

“ஆமா.”

“பயமா இருக்கு மச்சான்.”

ஆறு மாதத்தில் அவர் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

“எனக்கும்தான்,” என்றார் தையல்காரர்.

மேசையில் நூறு பட்டனும் ஒரே குவியலாகக் கிடந்தன. தங்கை அதிலிருந்து ஆறை எண்ணி எடுத்துக் கணவர் உள்ளங்கையில் வைத்தாள். குவியல் குறைந்ததாகவே தெரியவில்லை. அவர் குவியலையும் கையையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த ஆறையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 

“இது என்கிட்ட இருக்கட்டும். திரும்பி வந்து நானே தர்றேன்.”

தையல்காரர் ஷட்டரைத் தூக்கப் போனார்.