பர்ஸைத் திருப்பி வைத்த சொல்

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அம்மா சொன்னதிலிருந்து எடுத்தது. அப்பாவின் மருந்துக்கான பணத்தோடு அம்மா நெரிசலான பஸ்ஸில் நின்றிருக்கிறாள். இடுப்பில் செருகியிருந்த பர்ஸ் போய்விட்டது. கத்த வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் புரியாத சொல் ஒன்றைச் சொல்ல, பர்ஸ் மறுபடி இடுப்புக்கு வந்துவிட்டது.

"குரல் மட்டும்தான் கேட்டுச்சு. முகத்தப் பாக்கறதுக்குள்ள இறங்கிட்டாங்க."

அப்பா பிழைத்தார். நான் அதற்குப் பிறகு பிறந்தவள்.

2
முகம் இல்லாத பெண்ணுக்கு நான்தான் முகம் வைக்க வேண்டும்.

'அவள் பயங்கரமான திருட்டுக் கும்பலின் தலை–' வேண்டாம். பயங்கரமானவளுக்கு எங்கள் பர்ஸ் மேல் என்ன அக்கறை?

பை தைக்கிறவள் என்று வைக்கிறேன். ஒரு காலத்தில் பஸ்ஸில் அடித்த பர்ஸைக் கைமாற்றியவள். எல்லாவற்றையும் தலைமுழுகிவிட்டாள், மகனுக்குக்கூடத் தெரியாது. இப்போது பக்கத்தில் புது மருமகள். எங்க அத்தை ஊசி நூலைத் தவிர எதையும் தொட்டதில்லை என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொள்கிறவள்.

3
(அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.)
அவள் முன்பு இருந்த பிக்பாக்கெட் கூட்டம் தனிப்பேச்சு வைத்திருந்தது. போலீஸுக்குப் புரிந்துவிட்ட சொல்லை உடனே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஜெயிலை 'மாமியார் வீடு' என்று ஊரே சொல்கிறபோது அது எதற்கு உதவும்? அண்ணன் பேனாவைச் 'சுட்டான்', தங்கை மிட்டாயை 'ஆட்டையைப் போட்டாள்' என்று வீட்டில் நாம் பேசுவதெல்லாம் யாரிடம் அடித்ததோ! ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. அதற்கும் சேர்த்து நன்றி.

ஒரு சொல்லை மட்டும் அவர்கள் மாற்றவே இல்லை. 'விட்டுடு, இது உயிர்ப் பணம்' என்று அதற்குப் பொருள். பல வருஷம் உள்ளே இருந்துவிட்டு வருகிறவனுக்கும் அது புரிய வேண்டுமே.

4
பஸ். இரண்டு விரல்கள் ஒரு பர்ஸை உருவுவதை அவள் பார்க்கிறாள். பர்ஸைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட மருந்துச் சீட்டு. சொன்னால் மருமகளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால்

(இங்கே பேனாவை மூடிவிட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டால் இதை எழுத நான் இல்லை.)

"தம்பி, [               ]" என்றாள்.

அந்தச் சொல் அம்மாவுக்கு நினைவிருக்கிறது. எனக்கும் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் பையன்கள் கேலிக்குச் சொல்லிச் சொல்லியே அதைச் சாகடித்துவிடுவார்கள். இன்னும் யாருக்காவது அது தேவைப்படலாம்.

பர்ஸ் திரும்பிப் போனது. விரல்காரன் தணிந்த குரலில், "யாருக்கா நீ?" என்றான்.

"பை தைக்கிறவ."

5
அடுத்த நிறுத்தத்திலேயே மருமகளை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

முடிவு ஒன்று: மருமகள் கையை உதறிவிட்டுத் தாய்வீட்டுக்கு நடக்கிறாள். எழுத மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: எனக்கும் சொல்லிக்கொடுங்க அத்தை என்று சிரிக்கிறாள். சர்க்கரை தூக்கல்.

மருமகள் கேட்டது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்: "அது என்ன பாஷை, அத்தை?"

பை தைக்கிறவள் வாய் திறக்கிறாள். உண்மையைச் சொல்லவைக்கவோ பொய் சொல்லவைக்கவோ எனக்கு என்ன உரிமை? அவளுக்கு நான் செய்யக்கூடியது ஒட்டுக்கேட்காமல் இருப்பதுதான். நான் இங்கேயே திரும்பிக்கொள்கிறேன். பக்கத்தில் நிற்பது நீங்கள். காதில் விழுந்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.