லயனல் கொடுத்த மோதிரம்

மனைவி இறந்த வருஷம்தான் லயனல், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை ஒலியெழுப்பிக் காட்டும் மெட்டல் டிடெக்டர் வாங்கினார். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் புதையல் தேடும் குழு ஒன்றோடு அறுவடை முடிந்த வயல்களில் நடப்பார். பெரும்பாலும் டிராக்டர் ஆணிதான் கிடைக்கும்.

குழுத் தலைவர் டெரெக்குக்கு யாரையாவது சீண்டாமல் பொழுது போகாது. இணையத்தில் வாங்கிய போலி ரோமானியக் காசு ஒன்றை லயனல் நடக்கும் இடத்தில் புதைத்துவைத்தார். அதைத் தோண்டியெடுத்த லயனல் சேற்றில் மண்டியிட்டு அழுதார். எல்லோரும் கைகுலுக்கினார்கள். மறுநாள் கோட்டு சூட்டோடு அருங்காட்சியகத்துக்குப் போனார்.

"இது கடையில விக்கிற காசு சார்," என்றாள் அங்கிருந்த பெண்.

அன்று சாயங்காலம் பப்பில் அவர் அழுத வீடியோ ஓடியது.

"பொண்டாட்டி செத்ததுக்குக்கூட மனுஷன் இப்படி அழலைய்யா," என்றார் டெரெக். லயனலும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

அடுத்த மாதம் பார்லி வயலில் டிடெக்டர் ஓங்கி ஒலித்தது. ஒரு சாண் ஆழத்தில் தங்க மோதிரம். சிவப்புக் கல்லைச் சுற்றி இரண்டு பறவைகள். மண்ணைத் துடைத்ததும் புத்தம் புதிதாக மின்னியது. லயனல் அதை நேராக டெரெக்கிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"இந்தாங்க. இந்தத் தடவை நான் ஏமாறல."

டெரெக் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "கண்டுபிடிச்சிட்டியேப்பா. எப்படித் தெரிஞ்சுது?"

"மண்ணுக்குள்ள கிடந்தது இப்படியா மின்னும்?"

"கில்லாடிதான் நீ. எந்த இடம்னு காட்டு. இன்னொன்னும் புதைச்சேன், எங்கன்னு மறந்துபோச்சு."

லயனல் பெருமையோடு கூட்டிப்போய்க் காட்டினார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

வசந்த காலத்தில் செய்தித்தாளில் படம் வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலோ-சாக்ஸன் பிரபு ஒருவரின் மோதிரம்; கண்டெடுத்தவர் டெரெக். லயனல் பப்புக்குப் போனார்.

"அது நான் குடுத்த மோதிரம், டெரெக்."

டெரெக் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? தங்கத்தை எடுத்து எங்கிட்ட சும்மா தூக்கிக் குடுத்தாராம்."

மேசை அதிரச் சிரித்தார்கள்.

லயனல் அருங்காட்சியகத்துக்கு ஃபோன் செய்தார். அதே பெண்தான் எடுத்தாள். அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க அவர்கிட்ட குடுத்தப்ப என்ன சொன்னீங்க?"

"போலின்னு சொன்னேன்."

"சார், வீட்டுல உங்களைப் பாத்துக்க யாராவது இருக்காங்களா?" என்று கனிவாகக் கேட்டாள்.

லயனல் ஃபோனை வைத்துவிட்டார்.